சுளகில் காய்ந்த ஹொப்ஸ்

அருட்பிரகாசம் தன் வீட்டுப் பின்வளவு ஷெட்டில் பியர் காய்ச்சுகிற சங்கதி லண்டன் கோலியர்ஸ் வுட் கத்தோலிக்கக் கோயில் சனம் முழுவதற்கும் தெரியும். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, "என்ன, இந்தக் கிழமை என்ன காய்ச்சினனீர்?" என்று யாராவது குசுகுசுப்பார்கள். மனைவி றோஸ்மலர் திரும்பிப் பார்த்தால் கேட்டவர் வானத்தைப் பார்ப்பார். மன்னாரில் கசிப்புக் காய்ச்சுகிறவனைப் பொலிஸ் பிடிக்கும், இங்கே அதற்குச் சாமான் விற்கக் கடையே திறந்து வைத்திருக்கிறார்கள், இதென்ன தேசம் என்று அவள் ஒருநாள் கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள். ஷெட் அவருக்கு, வீடு அவளுக்கு.

காய்ச்சுவதற்குக் கூட்டாளி ஒருவர்தான், அடுத்த தெருப் பாலேந்திரா. யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், அருட்பிரகாசத்தைவிட நாலைந்து வயது மூப்பு. மனைவி காலமாகி, மகள் ஜதுர்ஷிகாவும் கனடாவுக்குப் போனபின் அந்த வீட்டில் அவரோடு மிஞ்சியது வீமன் என்ற கிழட்டு நாய் மட்டும். பெயர்தான் வீமன், பூனையைக் கண்டால் எசமானின் காலுக்குப் பின்னால் போய் ஒளியும். சனிக்கிழமைகளில் இரண்டு மனிதரும் மோல்ட் என்கிற முளைகட்டிய பார்லியைக் கொதிக்க வைத்து, ஹொப்ஸ் போட்டு, ஆறவிட்டு, வாளியில் புளிக்க வைப்பார்கள். வீமன் ஷெட் வாசலில் குறுக்கே படுத்துக் கிடக்கும். போகவர அதைக் கடந்து கடந்தே இருவருக்கும் கால் பழகிவிட்டது. மற்ற நாட்களில் பாலேந்திரா நாயைத் தவிர வேறு எவரோடும் பேசுவதில்லை என்பது அருட்பிரகாசத்துக்குத் தெரியும்.

ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பியருக்குக் கசப்பும் மணமும் அதிலிருந்துதான் வருகிறது. அது இல்லாவிட்டால் பியர் வெறும் பார்லித் தண்ணீர். அந்தப் பூவுக்குத்தான் தட்டுப்பாடு வந்தது. கோடை கொடியைச் சுட்டுப்போட்டது என்றார்கள். பெரிய கொம்பனிகள் முதலே அள்ளிக்கொண்டு போய்விட்டன என்றார்கள். காரணம் எதுவாயிருந்தால் என்ன, கடையில் பக்கெற் சிறுத்தது, விலை ஆனை விலை குதிரை விலையானது, பிறகு பக்கெற்றே இல்லாமற் போனது. லண்டனில் வீட்டில் காய்ச்சுகிறவன் ஒவ்வொருவனும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

இவர்களும் முதலில் கையில் மிச்சமிருந்த ஹொப்ஸின் அளவைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். கசப்புத்தானே வேண்டும் என்று அருட்பிரகாசம் வெம்பிளித் தமிழ்க்கடைக்குப் போய் வேப்பம்பூ வாங்கிவந்து போட்டார். பாலேந்திரா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"பிரகாசம், இதைக் குடிச்சா வயித்துப் பூச்சி ஒண்டும் மிஞ்சாது."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் பாலேந்திரா, "விடுவம் ஐசே. இனிக் கடையில வாங்கிக் குடிப்பம்" என்றார்.

அந்தச் சொல் அருட்பிரகாசத்தைப் பயப்படுத்தியது. கடையில் வாங்கிக் குடிக்கிறவனுக்கு இன்னொருவன் எதற்கு? சனிக்கிழமை போனால் இந்த மனிதர் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே கிடப்பார், மனைவி செத்த வருசம் கிடந்ததுபோல. அப்படி விடக்கூடாது என்று நினைத்தார். நல்ல எண்ணந்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழியும் கிடைத்தது. மணத்துக்காகக் கடைசியில் வாளியில் போடுகிற ஹொப்ஸ் கொதிப்பதில்லை, ஊறத்தான் செய்கிறது. ஆகவே அதன் கசப்பு அதிலேயே நிற்கிறது. பிழிந்து காயவைத்தால் அடுத்த முறை கொதிக்கப் போடலாம். காயவைப்பதை எங்கள் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? மோர்மிளகாய், ஒடியல், கருவாடு என்று சூரியனுக்கு ஓயாமல் வேலை வைத்த சனம். றோஸ்மலரின் அரிசி புடைக்கிற சுளகை எடுத்து, பிழிந்த ஹொப்ஸை அதில் பரப்பி, ஷெட்டுக்கு வெளியே நின்ற பழைய பிரிஜ்ஜின் மேல் வைத்தார். அந்தமுறை வந்த பியர் மோசமில்லை. பாலேந்திரா இரண்டாவது கிளாஸ் கேட்டார். அருட்பிரகாசத்துக்கு வானத்தில் நடப்பதுபோல் இருந்தது.

ஆனால் இவ்வளவு காலமும் அந்தச் சக்கையைப் பையில் கட்டி உடனே குப்பைப் பின்னில் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஹொப்ஸ் நாய்க்கு நஞ்சு. கடைக்காரப் பெண் ஒருமுறை வீமனைக் கண்டுவிட்டு அருட்பிரகாசத்திடம் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவரும் அதைச் சட்டம்போல் கடைப்பிடித்தவர். இப்போது, பிரிஜ் உயரம், நாய் கிழடு, எட்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அது நல்ல வெயில் எறித்த சனிக்கிழமை. பாலேந்திரா வீமனை ஆற்றங்கரையால் சுற்றி நடத்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே இருவரும் அடுப்போடு நின்றதில் வெளியே எதையும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நாய் எழுந்து நின்று, நாக்கு நிலத்தில் முட்ட இளைத்துக்கொண்டிருந்தது. தொட்டால் உடம்பு தோசைக்கல்லாய்ச் சுட்டது. பாலேந்திரா ஐயோ என்று குழறினார். இருவரும் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடும்போதுதான் அருட்பிரகாசம் பிரிஜ்ஜின் கீழே பார்த்தார். சுளகு கவிழ்ந்து கிடந்தது. நிலத்தில் ஒரு பூக்கூட இல்லை.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். என்ன சாப்பிட்டது என்று அவசரமாகக் கேட்டார். சொக்லேற்? கொடிமுந்திரிகைப் பழம்? தோட்டத்தில் ஏதாவது? ஒன்றுமில்லை, நான்தான் இதை வெயிலில் நடத்தினேன் என்று பாலேந்திரா அழுதார். வைத்தியர் அருட்பிரகாசத்தின் பக்கம் திரும்பி, உங்கள் வீட்டில் ஏதும் கிடந்ததா என்றார்.

"இல்லை" என்றார் அருட்பிரகாசம்.

ஏன் சொன்னார்? அவருக்கே தெரியாது. வெயிலாகவும் இருக்கலாம்தானே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. சொன்னால் இந்த மனிதர் இனி என் முகத்தில் முழிக்கமாட்டார் என்று இன்னொரு குரல் சொன்னது. சொல்லியிருந்தால் வைத்தியர் வாந்தி எடுப்பித்தாவது பார்த்திருப்பார். வாய் ஒருமுறை பொய் சொன்னபின் அதைத் திருப்பி எடுக்கிற தைரியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, அவருக்கு வாய்க்கவில்லை. பாலேந்திரா அந்த நாயின் காதில் வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருக்க, பொழுதுபடுமுன் அது செத்துப்போனது.

பிறகு அருட்பிரகாசம் நாள்தோறும் பாலேந்திராவின் வீட்டுக்குப் போனார். சோறு கொண்டுபோனார். கிளாஸில் பியர் ஊற்றிக் கொடுத்தார். பாலேந்திரா சொன்னதையே சொன்னார்: "வெயிலுக்கை நடத்திச் சாக்காட்டிப்போட்டன். என்ரை கையாலை சாக்காட்டிப்போட்டன்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை."

 அருட்பிரகாசம் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றார், முறை வந்தபோது வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். வெட்கங்கெட்ட மனது, இந்தக் கேட்டுக்குள்ளும் பாலேந்திரா தன் மேல் சாய்ந்து இருப்பதில் கொஞ்சம் ஆறுதல்பட்டது. அதை நினைத்துத்தான் அவர் தன்னை அதிகம் வெறுத்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பாலேந்திரா தானாகவே வந்தார். சவரம் செய்திருந்தார். ஷெட்டுக்குள் வந்து ஒரு பார்சலை மேசையில் வைத்தார். பிரித்தால், ஹொப்ஸ். நல்ல பச்சை, கை நிறைய. ஷெட் முழுக்க மணந்தது. இந்தத் தட்டுப்பாட்டில் யாருக்கும் கிடைக்காத சாமான்.

"ஜெர்மனியிலை எங்கடை ஒரு பெடியனைப் பிடிச்சு எடுப்பிச்சனான்" என்றார் பாலேந்திரா. "விலையைக் கேளாதையும். வீமன்ரை சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போற காசு இனி ஆருக்கு? நீர் இல்லாட்டி இந்த மூண்டு கிழமையும் நான் இருந்திருக்க மாட்டன், பிரகாசம். அடுப்பை மூட்டும்."

அருட்பிரகாசம் அடுப்பை மூட்டப் போனார். லைற்றரை எடுத்தார், திரும்ப வைத்தார். முகத்தைத் திருப்பாமலே, "அண்ணை, அது வெயில் இல்லை" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சக்கை, சுளகு, காற்று, கடைக்காரப் பெண் முன்பே சொன்னது. பாலேந்திரா கணக்காளராய் இருந்தவர், கேட்கவேண்டிய கேள்வி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"டொக்டர் கேக்கேக்கை உமக்குத் தெரியுமோ?"

தெரியாது, பிறகுதான் சுளகைக் கண்டேன் என்று சொல்லலாம். சொன்னால் மன்னிக்கவும் கூடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"ஓம் அண்ணை. தெரியும்."

பாலேந்திரா பிரித்த பார்சலின் கடதாசியைத் திரும்ப மடித்தார்.

"நான் அதின்ரை காதுக்கை மன்னிப்புக் கேட்டனான்" என்றார். "என்ரை பிழை, மன்னிச்சுக்கொள் எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டனான். நீர் பக்கத்திலை நிண்டனீர்."

ஏசியிருந்தால், அடித்திருந்தால் அருட்பிரகாசம் தாங்கியிருப்பார். பாலேந்திரா வெளியே இறங்கி, கேற்றைத் திறந்து, தெருவில் நடந்து போனார். பார்சல் மேசையிலேயே கிடந்தது.

கேற் சத்தம் கேட்ட றோஸ்மலர் குசினிக் கதவைத் திறந்து, "அண்ணைக்கும் சேத்துத் தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் அருட்பிரகாசம். "அவர் இனி வரமாட்டார்."