பதினோராவது பொத்தான்

என் கிட்டங்கிக்குள் வந்து, என் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, இந்தக் கிட்டங்கி இனி உனக்கில்லை என்று சொன்னார் இசக்கிராஜா அண்ணாச்சி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாஸைப் பிடுங்கியிருப்பேன். வயசுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயிண்ட் என்று சாமான் போடுகிற தொழில் எங்களுடையது. என் அப்பா அய்யாக்குட்டி ஆரம்பித்தது. வாதம் அடித்து அவருக்கு வலது பக்கம் விழுந்துபோன பிறகு நான்தான் நடத்துகிறேன். கயிற்றேணியில் ஏறிக் கப்பலுக்குள் போவதிலிருந்து, அழுகின தக்காளியை அனுப்பினாயா என்று சண்டைக்கு வரும் சமையல்காரனுக்குப் பதில் சொல்வதுவரை எல்லாம் இந்த இந்துமதிதான். ஆனால் சரக்கு அடுக்கி வைக்கிற இந்தக் கிட்டங்கி, வியாபாரிகள் மன்றத்தின் சொத்து. மன்றத்தில் இருபது உறுப்பினர்கள், வளாகத்தில் இருபது கிட்டங்கிகள். உறுப்பினர் பேர் போனால் கிட்டங்கியும் போகும்.

"உங்கப்பா மன்றத்துப் பக்கமே வாரதில்ல. பேரை எடுத்துட்டு செந்தூர்வேலுக்குப் போட்டுரலாம்னு கமிட்டி சொல்லுது. ஆண்டு விழா அன்னைக்குப் பொதுக்குழுவுல வைக்கோம்" என்றார் அண்ணாச்சி. அவர்தான் மன்றத்தின் செயலாளர். செந்தூர்வேல் என் பெரியப்பா மகன், பெரியப்பாவுக்குப் பதிலாக மன்றத்துக்கு வருகிறவன்.

"அப்பா மக நான் இருக்கேனே அண்ணாச்சி?"

"நீ பொம்பளப்பிள்ளளா. இன்னைக்கோ நாளைக்கோ கட்டிக்கிட்டுப் போயிருவ."

"போறதா இருந்தா பத்து வருஷத்துக்கு முன்னாலயே போயிருப்பேன். டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்துவிட்டு எழுந்து போனார். மூட்டை அமுங்கியிருந்தது. கணக்கு மேஜையில் இருந்த ரிஃப்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"இருபதுல எத்தனை கை வேணும் புள்ள?"

"பதினொண்ணு."

"எங்கன இருந்து எடுப்ப?"

எங்கே இருந்து என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஆண்டு விழாவில் காசு வைத்து ரம்மி ஆடுவார்கள். போலீஸ் வந்து போனதிலிருந்து காசு நின்றது. பிறகு செந்தூர்வேல் அண்ணன் போன் பார்த்துக் கற்றுக்கொண்ட போக்கரைக் கொண்டுவந்தான். தலைக்கு ஏதாவது பந்தயம் இருந்தால்தான் சூடு பிடிக்கும் என்று பொத்தானையும் அவன்தான் கொண்டுவந்தான். ஆடுகிற ஒவ்வொருவரும் பேர் எழுதிய சிவப்புப் பொத்தான் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். யார் உனக்குக் கொடுத்த பிளாஸ்டிக் காயின் அத்தனையையும் பிடுங்கி உன்னை வெளியேற்றுகிறாரோ, உன் பொத்தான் அவருக்கு. அவர் பின்னால் தோற்றாலும் எடுத்த பொத்தான்கள் அவரிடமே இருக்கும், சொந்தப் பொத்தானைத்தான் கழற்றிக் கொடுப்பார். சாயங்காலப் பொதுக்குழுவில், உன் பொத்தானை வைத்திருப்பவரின் தீர்மானத்துக்கு நீ கை தூக்கியே ஆக வேண்டும். இப்படித்தான் மன்றத்துக்கு ஏசி வந்தது, கோழி பிரியாணி ஆட்டு பிரியாணி ஆனது.

உறுப்பினர் வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர் ஆடலாம் என்றும் ஒரு விதி இருந்தது. அண்ணாச்சி தன் மகனுக்காகக் கொண்டுவந்தது. அந்த ஒருவர் ஆம்பளையாக இருக்க வேண்டும் என்று எழுத அவருக்குத் தோன்றவே இல்லை.

போக்கர் எனக்குப் புதிதில்லை. சாமானுக்குக் கையெழுத்து வாங்கக் காத்திருக்கும்போது கப்பல்காரர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி, நடுவில் ஐந்து சீட்டு திறந்து. சேர்த்துப் பார்த்தால் யாருக்கு நல்ல சேர்க்கையோ அவருக்கு வெற்றி. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் நல்ல சீட்டு இருப்பதுபோலக் காட்டி மிரட்டவும் செய்யலாம், அதுதான் பொய்யாட்டம். ஆனால் பொத்தான் ஆட்டம் வேறு. போனில் இதே மாதிரி தலைக்கு விலை வைத்த, காசில்லாத மேஜைகளில் ஆடிப் பார்த்தேன். பொறுமையாக, நல்ல சீட்டு வரும்வரை சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொண்டே இருந்தேன். கடைசி சிலரில் ஒருத்தியாக வருவேன், கையில் ஒரு தலைகூட இருக்காது. எனக்கு அழுகையாக வந்தது.

"எங்கன தப்புன்னு காட்டு. ஆனா சீட்டை நான் தொட மாட்டேன், காசு இல்லாட்டாலும் தொட மாட்டேன்" என்றாள் ரிஃப்கா.

"தொடாம எப்படிளா காட்ட?"

"பட்டாணி வச்சுக் காட்டு. கணக்கு ஹராம் இல்லல்லா?"

மேஜையில் பட்டாணியைக் கொட்டினேன். ஒருத்தன் தன்னிடம் இருக்கும் பத்துப் பட்டாணியையும் மொத்தமாக வைத்து ஆல் இன் சொல்கிறான், நடுவில் ஏற்கெனவே நாலு கிடக்கிறது. நான் பத்து போட்டால் பதினாலு கிடைக்கலாம். பத்து தடவைக்கு நாலுக்கு மேல் ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். என் சீட்டு அவ்வளவு நல்லதில்லை, அதனால் கவிழ்த்தேன் என்றேன்.

ரிஃப்கா கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துப் பட்டாணிக் குவியலின் மேல் வைத்தாள்.

"இது என்ன?"

"அவன் பொத்தான். அதை ஏன் கணக்குல சேக்கல? அது உனக்கு எத்தனை பட்டாணி பெறும்?"

"பதினாறு வச்சுக்கோயேன்."

"அப்ப கிடைக்கிறது முப்பது. நாலுல ஒரு தடவை ஜெயிச்சாலே போதும். நீ என்னத்துக்குப் புள்ள கவுத்துன?"

நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பட்டாணி முழுக்கத் தரையில் சிதறியது, பொறுக்க அரை மணி ஆனது. பொறுக்கும்போதே அவள் இன்னொன்றும் சொன்னாள். அவனிடம் என்னைவிடக் காயின் அதிகம் இருந்தால், நான் ஜெயித்தாலும் அவன் மிச்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், தக்காளி கிடைக்காது. அதனால் முதலில் என் குவியல் பெரிதாக வேண்டும்.

மூன்றாவது பாடத்தை நானே அடிபட்டுக் கற்றேன். தலைக்கு விலை இருக்கிறவள் பொய்யாட்டம் ஆடினால் யாரும் பயப்பட மாட்டார்கள். அந்தத் தலை கிடைக்குமே என்று குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டுகூட மோதுவார்கள். போனில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மோதி என்னை வெளியேற்றினார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், மன்றத்தில் பொய்யாட்டமே கிடையாது என்று. ஒரே ஒரு தடவையைத் தவிர.

ஆண்டு விழா அன்று காலையில் ரிஃப்கா போன் பண்ணினாள். "ஆட்டத்துக்கு நான் துவா கேக்க மாட்டேன். கிட்டங்கிக்குக் கேக்கேன்" என்றாள்.

மன்றத்துக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செந்தூர்வேல் அண்ணன்தான் முதலில் சிரித்தான்.

"ஏளா இந்து, பிரியாணி மத்தியானம்தான். அதுக்குள்ள வந்துட்டியே?"

"அப்பா பொத்தானைக் கொடுங்கண்ணே. ஆட வந்திருக்கேன்."

இசக்கிராஜா அண்ணாச்சி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பொத்தானைக் கொடுத்தார். அதைத் துப்பட்டாவில் குத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்குச் சாதகமாக இருந்தது அவர்களுடைய இளக்காரம்தான். என்னைத் தூக்கி வெளியே போட்டதாகப் போய்ச் சொல்ல எல்லோருக்கும் ஆசை. அதனால் நல்ல சீட்டு வரும்போது மட்டும் காயினை அள்ளி முன்னால் தள்ளினேன். முத்துக்கனி அண்ணாச்சி கயிற்றுக் கடைக்காரர், கையில் ஒரு ராணியைத் தவிர ஒன்றும் இல்லை. "பொம்பளப்பிள்ள என்னத்த வச்சிருக்கப் போவுது" என்று மொத்தத்தையும் போட்டார். நான் இரண்டு ராஜாவைத் திறந்து வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கணுமே! பொத்தானைக் கழற்றக்கூட அவருக்குக் கை வரவில்லை, நான்தான் கழற்றிக்கொண்டேன்.

குவியல் பெரிதானதும் வேட்டைக்கு இறங்கினேன். காயின் குறைந்து தவித்துக்கொண்டிருந்தவர்களைத் தேடித் தேடிப் போனேன். அவர்கள் ஆல் இன் சொன்னால் நடுவில் ரிஃப்காவின் தக்காளியை மனசுக்குள் வைத்துப் பார்ப்பேன். சில தடவை தோற்றேன், கவலைப்படவில்லை. செந்தூர்வேல் அண்ணன் அப்படிப் பொத்தானைத் தேடிப் போகவில்லை. அவனுக்குக் கண் முழுக்க மேடையில் இருந்த வெள்ளிக் கப்பின் மேல்தான். ஜெயித்தவர் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள், போன இரண்டு வருஷமும் அவன் படம்தான்.

"பொத்தானைப் பொறுக்கிக்கிட்டே இரு. துப்பட்டா கிழிஞ்சிராம!" என்றான்.

"எதுக்குளா இத்தனை? பிரியாணிய நிப்பாட்டி சாம்பார் சாதம் போடப் போறியா?" என்று கேட்டார் இசக்கிராஜா அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம். என் துப்பட்டாவில் பிடித்தது பத்து. அண்ணனிடம் ஏழு. எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். அது கிடைக்காமல் நான் வெளியேறினால் கிட்டங்கி போச்சு.

இசக்கிராஜா அண்ணாச்சியிடம் காயின் கொஞ்சம்தான். சீட்டைப் பார்த்தார், "ஆல் இன்" என்றார். அடுத்தது என் முறை, எனக்குப் பின்னால் அண்ணன். என் கையில் ஹார்ட்டின் ஒன்பதும் ஏழும். சாதாரண ஆட்டமாக இருந்தால் கவிழ்த்திருப்பேன். சும்மா அண்ணாச்சி போட்ட அளவுக்குப் போட்டாலோ அண்ணனும் உள்ளே வந்துவிடுவான், பொத்தான் அவனுக்குப் போகலாம். அவனைத் துரத்த வேண்டும். என் குவியலும் அவன் குவியலும் ஏறக்குறைய ஒரே அளவு. காலையிலிருந்து ஒரு பொய்கூட ஆடாமல் நான் சேர்த்து வைத்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

"ஆல் இன்" என்று மொத்தத்தையும் தள்ளினேன்.

அண்ணன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மேடையில் இருந்த கப்பைப் பார்த்தான்.

"இவ காலையில இருந்து பொய்யே ஆடல. நான் எதுக்கு இதுல மாட்டணும்? நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கோங்க" என்று சீட்டைத் திறந்து காட்டியபடியே விலகினான். இரண்டு பத்து! அவன் மட்டும் துணிந்து வந்திருந்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும்.

அண்ணாச்சியிடம் ஒரு ஏஸும் ஒரு நாலும். என் சீட்டைப் பார்த்ததும் அண்ணன் எழுந்தே விட்டான். "ஏளா, இதையா வச்சிருந்த!" என்று கத்தினான். நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ராஜா, இரண்டு, ஏழு. பிறகு ஜாக்கி, பிறகு மூன்று. என் ஏழுக்கு ஜோடி விழுந்துவிட்டது. அண்ணாச்சிக்கு ஏஸ் வெறும் ஏஸாகவே இருந்தது.

அண்ணாச்சி பொத்தானைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். பதினோராவது பொத்தானைக் குத்தும்போது ஊசி விரலில் ஏறியது, வலிக்கவே இல்லை.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, கப் எனக்கு எதற்கு? அதற்குப் பிறகு நான் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஆல் இன், ஆல் இன் என்று தள்ளினேன். இரண்டே கையில் அண்ணன் என்னை முடித்துவிட்டான். அப்பாவின் பொத்தானைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் கப்பைத் தூக்கி முத்தம் கொடுத்தான், போட்டோ எடுத்தார்கள்.

"பாத்தியாளா? கடைசியில நிக்கவன்தான் ராஜா" என்றான்.

"ஆமாண்ணே. மீட்டிங்குக்கு நேரமாச்சு, வாங்க" என்றேன்.

பொதுக்குழுவில் அண்ணாச்சி முதல் தீர்மானத்தை வாசிக்க எழுந்தார். நான் அதற்கு முன்னால் எழுந்தேன்.

"பொத்தான் தீர்மானம்தான் முதல்ல. வழக்கம் அதுதானே அண்ணாச்சி? என் தீர்மானம் இதுதான். அய்யாக்குட்டி உயிரோட இருக்கும்வரை அவர் பேரை யாரும் எடுக்கக் கூடாது. அவருக்கு அப்புறம் இடமும் கிட்டங்கியும் மக இந்துமதிக்கு. மகன் இல்லாத வீட்டுல மகளும் உறுப்பினர்."

அறையே எழுந்து கத்தியது. "ஏய், இது விளையாட்டுளா! ஏசிக்கும் பிரியாணிக்கும் வச்சது!" என்றார் முத்துக்கனி அண்ணாச்சி.

"போன வருஷம் பொத்தானை வச்சுத்தானே பின்சுவரை இடிச்சு உங்க லாரிக்கு வழி போட்டீங்க? அப்ப விளையாட்டுன்னு யாரும் சொல்லலியே. சுவரைத் திருப்பிக் கட்டிருங்க, நானும் பொத்தானைத் திருப்பித் தாரேன்."

பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தேன். கடைசியாக வைத்தது இசக்கிராஜா என்று எழுதியது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தூக்கினார். செயலாளரே தூக்கிய பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு கையாக எழும்பியது. முத்துக்கனி அண்ணாச்சியின் கைதான் கடைசி.

"எதிர்க்கிறவங்க தூக்கலாம்" என்றார் இசக்கிராஜா அண்ணாச்சி.

செந்தூர்வேல் அண்ணன் வெள்ளிக் கப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைக் கீழே வைக்க இடம் தேடினான். வைத்துவிட்டுத் தூக்கியும் என்ன ஆகப்போகிறது, எண்ணிப் பார்த்தால் பதினொன்றுக்கு எதிராக ஒன்பதுதான்.

நான் மேஜையில் பொத்தான்களோடு வைத்திருந்த கிட்டங்கிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கப்பை நல்லாத் துடைச்சு வையிண்ணே. உப்புக்காத்துல கறுத்துப் போயிரும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.