வெள்ளத்தில் வந்த பெட்டி

அப்பாவின் ஆள்காட்டி விரலில் வெள்ளை பிளாஸ்திரியை இரண்டாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள் நெட்ரா. அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். 

“பெட்டிக்குள்ள போற கைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? அரை நாள் உக்காந்து நகத்துல இருந்த கிரீஸையெல்லாம் எடுத்திருக்கேன்.” 

“பிளாஸ்திரி இல்லாம இந்தக் கையை எங்க ஆளுங்க யாருக்கும் அடையாளம் தெரியாதுங்க.” 

அப்பா லேலண்ட் வாரத்தில் ஐந்து நாள் டிராக்டர் பழுது பார்த்தார். சனி, ஞாயிறுகளில் ‘கல்லறைக் கழுதைகள்’ குழுவில் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசித்தார். வாசித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கம்பியைப் பிடித்து இழுத்து, மரத்தில் பட்டென்று அறைவார். பிளாஸ்திரி இல்லாவிட்டால் இரண்டாவது பாட்டில் தோல் உரிந்துவிடும். ஏழு வயதிலிருந்து அதைச் சுற்றிவிட்டவள் நெட்ராதான். “இறுக்காதேடி, ரத்தம் ஓடணும்” என்பார். இப்போது எந்த ரத்தமும் ஓட வேண்டியதில்லை. இருந்தாலும் சற்று இறுகிவிட்டதுபோல் தோன்றவே, பிரித்து மறுபடி தளர்வாகச் சுற்றினாள். மீதிச் சுருளை வளையலைப்போல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். 

மூன்று வருடமாக அவள் அப்பாவோடு வாசிக்கவில்லை. குழுவில் டிரம் அவளுடையது. எந்தப் பாட்டாக இருந்தாலும் மூன்றாவது சரணத்தில் அப்பா வாலில் தீப்பிடித்ததுபோல் ஓட ஆரம்பிப்பார், தாளம் அவர் பின்னால் நாக்குத் தள்ள ஓட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், கெளுத்தி மீன் திருவிழாவில் எள் போட்டால் எள் விழாத கூட்டத்துக்கு முன்னால், குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். 

“உன்னோட ஓட என்னால ஆகாதுப்பா.” 

“ஓட முடியலேன்னா நடந்து வாடி. நான் நிக்கறேன்.” 

அவர் நிற்கவும் இல்லை, அவள் போகவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மூச்சுக்கு நடுவே அவர் கேட்டார், “என் சாவுக்கு நீதான் அடிக்கணும். அடிப்பியா?” 

“அடிக்கறேன். ஆனா ஓட மாட்டேன்.” 

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார். சாகிற மனுஷனிடமும் விட்டுக்கொடுக்காத தன் நாக்கை அன்றிலிருந்து அவள் சபித்துக்கொண்டிருந்தாள். 

தேவாலயத்தில் ஜெபம் முடிந்து, பெட்டியை வெளியே தூக்கிவந்து கல்லறைத் தோட்டத்துப் பெக்கான் மரத்தடியில் வைத்தார்கள். ஆகஸ்ட் வெயில். ஒரு பக்கம் தொப்பி வைத்த தேவாலயத்துப் பெண்கள் அட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து வந்த ரசிகர்கள், கழுத்துவரை பச்சை குத்தி, அந்த வெயிலிலும் கறுப்புத் தோல் சட்டையைக் கழற்றாமல் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவே வெள்ளைத் துணி மூடிய மேசைகளில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும். குழுவின் பாடகர் டிவிட் சித்தப்பா, மேடையில் வேஷத்துக்குப் போடும் பிணத்துக் கோட்டு மாட்டியே வந்திருந்தார். பொருத்தமான இடத்துக்கு அதை அவர் போட்டது இதுதான் முதல் தடவை. 

பாதிரியார் நெட்ராவின் அம்மாவிடம் குனிந்தார். “வில்லடீன், மத்த பாட்டெல்லாம் சரி. அந்த வெள்ளத்துப் பாட்டு மட்டும் வேண்டாம். கல்லறைத் தோட்டத்துல வச்சுப் பாடற பாட்டா அது?” 

“முப்பத்தெட்டு வருஷமா உங்க பிரசங்கத்தைத் தூங்காமக் கேட்டிருக்கேன் ஐயா. என் வீட்டுக்காரர் பாட்டை நீங்க அஞ்சு நிமிஷம் கேக்கக் கூடாதா?” 

பாதிரியார் நாற்காலியில் உட்கார்ந்தார். 

திறந்த லாரிதான் மேடை, டிரம்மில் நெட்ரா. அப்பாவின் பாஸை வாசிக்க அடுத்த மாவட்டத்திலிருந்து பர்விஸைக் கூப்பிட்டிருந்தார் சித்தப்பா. அறுபது வயதுக்காரர், சுவர்க் கடிகாரம். இம்மி பிசகமாட்டார். மெதுவாக வாசிப்பவருக்குப் பிளாஸ்திரி எதற்கு, வெறும் விரல்தான். முதல் இரண்டு பாட்டும் ஒரு குறையும் இல்லாமல் போயின. இத்தனை வருடமாக நெட்ரா கேட்ட வரம் இதுதான். கிடைத்தது. ஆனால் உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. ஜனங்கள் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். 

மூன்றாவது, அந்தப் பாட்டு. பெருவெள்ளத்தில் கல்லறைகள் பெயர்ந்து பெட்டிகள் மிதந்து வருகின்றன. செத்துப்போன தாத்தா தன் பெட்டியில் ஏறி, எருமைமீது வருகிறவர்போல் சாவகாசமாக வீட்டுக்கு வருகிறார். மூன்றாவது சரணத்தில் கதவைத் தட்டுகிறார். எந்த ஊரில் பாடினாலும் அந்த இடத்தில் கூட்டம் மேசையோ பீப்பாயோ கையில் அகப்பட்டதை மூன்று முறை தட்டும். 

முதல் சரணம் நேராகப் போனது. இரண்டாவதும் அப்படியே. டிவிட் சித்தப்பா மூன்றாவதற்கு மூச்சு இழுத்தார். நெட்ராவின் கை ஓடியது. 

ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பிடித்து நிறுத்தவும் தெரியும், நிறுத்தவில்லை. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். கண் விரிந்தது, அப்புறம் வாய் விரிந்தது. 

“ஏ நெட்ரா! எங்க போறே?” என்று கத்தினார் பர்விஸ். 

“கூட வாங்க!” 

பர்விஸ் ஒரு கணம் தவித்தார். பிறகு கம்பியை இழுத்து அறைந்தார். லாரியின் பலகை அதிர்ந்தது. சித்தப்பாவின் கிட்டார் ஊளையிட்டது, அவர் குரல் அதற்கு மேலே போயிற்று. மெம்ஃபிஸ் கூட்டம் எழுந்துவிட்டது. விசிறிகள் தாளத்துக்குத் தாளம் வேகமெடுத்தன. தொப்பி ஒன்று பறந்துபோயும் அதன் சொந்தக்காரி எடுக்கக் குனியவில்லை. நெட்ராவின் கண்ணில் வியர்வையும் அழுகையும் சேர்ந்து எரிந்தன. அடப்பாவி அப்பா, இவ்வளவு ருசியா இதில்? 

தாத்தா வாசலுக்கு வந்துவிட்டார். தட்ட வேண்டிய இடம். ஆனால் சாவுச் சடங்கில் யார் முதலில் தட்டுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 

அம்மா எழுந்து பெட்டியருகே போனாள். கையுறையைக் கழற்றினாள். விரல்முட்டியால் பெட்டியின் மூடியில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தாளம் தப்பாமல், அதே வேகத்தில். 

அடுத்த முறை எல்லோரும் தட்டினார்கள். மேசையில், நாற்காலியில், லாரியின் பக்கவாட்டில். கோழித் தட்டுகள் குதித்தன. பாதிரியார் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் முழங்காலில் தட்டினார். 

பாட்டு முடிந்ததும், “இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று ஒரே கூச்சல். தேவாலயத்துப் பக்கத்திலிருந்துதான் அதிகம் வந்தது. அம்மா இன்னும் பெட்டிமேல் கையை வைத்தபடி நின்றாள். 

பர்விஸ் வலது கையை உதறிக்கொண்டிருந்தார். இரண்டு விரலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. “நாப்பது வருஷமா வாசிக்கறேன், ஒருத்தரும் என்னை இப்படி ஓட வச்சதில்ல” என்றார், கோபமா சந்தோஷமா என்று தெரியாத குரலில். 

“கையக் காட்டுங்க.” நெட்ரா மணிக்கட்டிலிருந்து பிளாஸ்திரிச் சுருளைக் கழற்றினாள். 

“நல்லா இறுக்கிச் சுத்தும்மா, அவுந்துடப் போகுது.” 

“இறுக்கக் கூடாது. ரத்தம் ஓடணும்.” 

அவர் விரல் சூடாக இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குள் டிவிட் சித்தப்பா அடுத்த பாட்டுக்குக் காலைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார்.