ரெண்டாமவர் பறித்த துப்பாக்கி

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே துப்பாக்கியைப் பார்த்துவிட்டேன். தோவா அந்தப் படத்தை மேசைமேல் வைத்தபோது அது எனக்குத் தலைகீழாகத்தான் கிடந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய படம், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஒருவன் இடுப்பளவு கோரைக்கு முன்னால் நின்றுகொண்டு அமெரிக்கக் கார்பைன் துப்பாக்கி ஒன்றை மார்புக்குக் குறுக்கே பிடித்திருக்கிறான். துப்பாக்கியின் அடிக்கட்டையில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு தீக்காயம். அந்தத் தீக்காயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு படத்தில் நிற்கிறேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு என் நாற்காலிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் தோவா. உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் படத்தைச் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அந்தத் தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் கிராம அலுவலகத்தில் போரில் செத்தவர்களின் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. சண்டை முடிந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. கோப்புகள் இன்னும் முடியவில்லை. எவன் எலும்பையோ தன் அண்ணன் எலும்பு என்று சட்டியில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அமெரிக்காக்காரனோடு நின்ற சைகோன் பட்டாளத்தில் இருந்தவனுக்கு நம் சட்டையை மாட்டிப் படம் காட்டுகிறவர்களும் உண்டு. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்கு மாதாமாதம் அரிசி அளக்கிறார்கள். அந்த வேலையை நான் ஒழுங்காகவே செய்துவந்தேன். அதனால் தோவாவைப் பார்த்ததும் முதலில் தோன்றியது இதுதான்: பதினேழு வருடம் எங்கே இருந்தது இந்தப் படம்? இவள் ஏன் இன்றைக்கு வந்திருக்கிறாள், மாவட்டத்து அதிகாரி உட்கார்ந்திருக்கும் இந்த நாளில்?

அதிகாரி அடுத்த மேசையில்தான் இருந்தார். குயெத் என்று பெயர், வடக்கே ஹா நாம் பக்கத்து ஆள். மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து பதினெட்டு நாள்தான். முடியாமல் கிடக்கும் கோப்புகளை மூன்று நாளில் முடித்துவிட்டுப் போவது என்று படகேறி வந்திருந்தார். அவர் முன்னால் ஊர்க்காரர்கள் "வணக்கம் தோழர்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நானும் அப்படித்தான். ஆனால் அதற்கு என் காரணம் வேறு.

"இப்படிக் குடுங்க" என்று கை நீட்டினார். கொடுத்தேன். வேறு வழியில்லை.

தோவாவின் கோரிக்கை ஊருக்கே தெரிந்ததுதான். அவள் கணவன் தியெப் அறுபத்தொன்பதாம் வருட மழைக்காலத்தில் காணாமல் போனவன். கோப்பில் ஒரே வரி இருந்தது: 'ஆளைக் காணவில்லை. எதிரியிடம் சரணடைந்திருக்கலாம்.' அந்த 'லாம்' ஒன்று போதாதா ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க? அவள் மகள் லியூ ஆசிரியப் பயிற்சிக்கு எழுதித் தேறிவிட்டாள். அப்பா எந்தப் பக்கம் என்று எழுத வேண்டிய கட்டத்தில் இந்த வரி வந்து நின்றது. மாத முடிவுக்குள் வரியை அடித்துத் தராவிட்டால் இடம் போய்விடும்.

"அமெரிக்கத் துப்பாக்கி" என்றார் குயெத் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய். "கால்ல அமெரிக்க பூட்சு. தலைமுடியும் ஒட்ட வெட்டியிருக்கு. ஏம்மா, இதைப் பாத்தா எனக்கு எதிரியோட ஊர்க்காவல்காரன் மாதிரில்ல இருக்கு?"

"அந்த பூட்சு அவருக்குப் பெருசுங்க. உள்ள துணியத் திணிச்சுப் போட்டாரு. மூணு நாள்ல காலு புண்ணாகி ஆத்துல வீசிட்டாரு."

"பூட்சு எங்கேயிருந்து வந்துச்சு?"

"துப்பாக்கி வந்த இடத்துலேர்ந்துதான்."

அவள் பதிலில் குறும்பு இருந்ததா, வெறும் பதில்தானா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் முகம் நன்றாகத் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"இத்தனை நாள் ஏன் காட்டல?"

"அவங்க காலத்துல இது உங்க ஆளுன்னு வீட்டக் கொளுத்துவாங்கன்னு மூங்கில் தூணுக்குள்ள ஒளிச்சேன். உங்க காலத்துல இது அவங்க ஆளுன்னு சொல்லிருவீங்களோன்னு அங்கயே விட்டுட்டேன். இப்ப நீங்க சொல்லிட்டீங்க."

குயெத்துக்கு முகம் சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில் எங்கள் கெரில்லாப் பிரிவில் இருபத்துமூன்று பேருக்கு ஒன்பது துப்பாக்கி. அதிலும் இரண்டு சுடாது. அணைக்கரையில் இருந்த எதிரியின் காவல் சாவடியை நாங்கள் கொளுத்தியபோது, எரிகிற கூரைக்குள் புகுந்து அந்தக் கார்பைனை இழுத்து வந்தவன் தியெப். கட்டையில் தீ பிடித்திருந்தது, கையோடு அணைத்தான். உள்ளங்கை வெந்துபோயிற்று. இரண்டு நாள் கழித்துப் படம் எடுக்கிறவர் ஒருவர் படகில் வந்தார். அமெரிக்காக்காரன் துப்பாக்கி நம் கையில் இருப்பதைப் பார்த்தால் ஜனங்களுக்குத் தெம்பு வரும் என்பார். யார் கையில் இருந்தாலும் அவருக்குப் படம்தான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய சட்டையை ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் போட்டுக்கொள்வதைப் போல, அந்த ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் எங்கள் பிரிவில் முக்கால்வாசிப் பேர் படத்தில் நின்றோம். முதலில் நின்றவன் தியெப். படத்தில் அவன் வலது கையில் துணிக்கட்டு தெரிகிறது. சுவரில் இருக்கும் என் படத்தில் என் கை சுத்தமாக இருக்கிறது.

இனி நான் சொல்ல வேண்டியது ஒரு பேர் சமாச்சாரம். எங்கள் தெற்குச் சீமையில் மூத்த பிள்ளையை 'ரெண்டு' என்றுதான் கூப்பிடுவோம். அடுத்தவன் மூன்று, அதற்கடுத்தவன் நான்கு. ஒன்று என்ற எண் யாருக்கும் கிடையாது. மூத்ததைப் பேய் கொண்டுபோகாமல் இருக்க என்று சிலர் சொல்வார்கள், ஏதோ ராஜா காலத்துப் பயம் என்று சிலர் சொல்வார்கள். வடக்கில் இந்த வழக்கம் இல்லை. தியெப் தலைச்சன். ஊருக்கே அவன் ரெண்டாமவன். கட்டியவளுக்கும் அந்த எண்தான், தோவா ரெண்டாம் அண்ணி. நான் என் வீட்டில் இரண்டாவது பிள்ளை. அதனால் மூன்றாமவன்.

தியெப் காணாமல் போன மாதத்தில் எங்கள் பிரிவுக்கு வடக்கிலிருந்து புதிதாக ஓர் அரசியல் அதிகாரி வந்தார். அவர் கையில் பாராட்டுப் பட்டியல் இருந்தது. அதில் 'ரெண்டாமவர், எதிரியின் துப்பாக்கியைப் பறித்தார்' என்று மட்டும் எழுதியிருந்தது. முழுப் பெயர் வேண்டும் அவருக்கு. "உங்கள்ல வீட்டுக்கு ரெண்டாவது புள்ளை யாரு?" என்று கேட்டார். என்னைக் கை காட்டினார்கள். "நீதானா ரெண்டாவது?" என்றார். "ஆமாம்" என்றேன். அது பொய் இல்லை. இத்தனை வருடமும் அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் திருட்டு திருட்டுதானே.

பாராட்டுப் பத்திரம் வந்தது, பிறகு பதக்கம், பிறகு இந்த நாற்காலி. சுவரில் இருக்கும் படத்துக்குக் கீழே 'அமெரிக்கத் துப்பாக்கியைப் பறித்த வீரர் ரெண்டாமவர் லுவான்' என்று எழுதியிருக்கிறது. மூன்றைப் போய் ரெண்டு என்று போட்டுவிட்டான் வடக்கத்தியான் என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நிஜம் தெரிந்த பிரிவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். கடைசி ஆள் போனபோது நான் நன்றாக அழுதேன், அன்றிரவு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பெரியது. தியெப் கடிதம் கொண்டுபோக ஆற்றைக் கடந்த அன்று துப்பாக்கியை நான் படுக்கும் தூளியில் வைத்துவிட்டுப் போனான். "மூணு, நான் வர்ற வரைக்கும் வெச்சுக்கடா. எண்ணெய் போட மறந்துறாத" என்றான். சரணடையப் போகிறவன் துப்பாக்கியை விட்டுவிட்டா போவான்? துப்பாக்கியோடு போனால்தான் அங்கே மரியாதை. இதை நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த 'லாம்' அன்றைக்கே செத்திருக்கும். எழுதினால், உன் கையில் இருந்தது யாருடைய துப்பாக்கி என்ற கேள்வி வரும். எழுதவில்லை.

குயெத் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் பென்சில் எழுத்து. படம் எடுத்தவரின் கோணல் கையெழுத்து மங்கவே இல்லை. மூங்கிலுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

"'ரெண்டாமவர், தான் பறித்த துப்பாக்கியோடு'" என்று வாசித்தார். பிறகு என் தலைக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு தோவாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், பதினோரு வருடமாக நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. "ஏம்மா, ரெண்டாமவர் இந்தத் தோழர் ஆச்சே. அவர் படத்துக்குப் பின்னாடி இருக்க வேண்டிய எழுத்து உங்க படத்துக்கு எப்படி வந்துச்சு? யாரு எழுதிக் குடுத்தா?"

தோவாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "ரெண்டுன்னா எங்க வீட்டுக்காரருதான். ஊரே அப்படித்தான் கூப்புடும்."

"அவர் பேரு தியெப்புன்னுதானே மனுவுல இருக்கு?"

"பேரு தியெப்பு. ஆளு ரெண்டு."

"என்னம்மா வெளையாடுறீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மூணு தம்பி."

தெரிந்துதான் வந்திருக்கிறாளா? வடக்கத்தி அதிகாரி வரட்டும் என்று காத்திருந்து, அவர் காதுபட இந்த எண்ணைச் சொல்வதற்கென்றே வந்திருக்கிறாளா? அல்லது ஒன்றும் தெரியாமல், கணவனின் கூட்டாளி ஒரு வார்த்தை சொல்வான் என்று நம்பி வந்திருக்கிறாளா? முதலாவது என்றால் எனக்குக் கோபப்பட உரிமை உண்டு. இரண்டாவது என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலாவதாக இருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது.

"மூணா?" என்றார் குயெத். "உங்கள எதுக்கு மூணுங்கறாங்க?"

"ஊர்ல ஆளுக்கொரு பேரு வெப்பாங்க தோழர். பட்டப்பேரு."

சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பச்சைப் பொய். பதினேழு வருடம் கட்டிக் காத்த 'பொய் இல்லை' என்பதும் போயிற்று. தோவா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. யாரோ தெரியாதவரிடம் வழி கேட்டுவிட்டது போல ஒரு சின்னக் கூச்சம் மட்டும்தான்.

குயெத் பேனாவைத் திறந்து கோப்பில் எழுத ஆரம்பித்தார். 'படம் நம்பத்தக்கதல்ல' என்று எழுதுவது எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. "நீங்க போகலாம்மா. பொண்ணுகிட்ட வேற வேலை பாக்கச் சொல்லுங்க."

அவள் எழுந்தாள். ஓலைத் தொப்பியை எடுத்தாள், அதன் நாடாவை முகவாய்க்குக் கீழே நிதானமாக முடிந்தாள். பிளாஸ்டிக் தாளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். படத்தை மறந்துவிட்டாள். மேசைமேல் தியெப் கட்டுப்போட்ட கையோடு, எனக்குத் தலைகீழாக, துப்பாக்கியைப் பிடித்தபடி கிடந்தான். அதற்கு நான் எண்ணெய் போட மறக்கவே இல்லை. சண்டை முடியும்வரை போட்டேன்.

நான் யோசிக்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். கை படத்தை எடுத்தது, நாக்கு தன் பழக்கத்துக்குக் கூப்பிட்டது.

"ரெண்டாம் அண்ணி, படம்."

அவள் நின்றாள். ஆனால் திரும்பவில்லை. பேனா ஓடுகிற சத்தமும் நின்றது.

"இவங்களும் ரெண்டா?" என்றார் குயெத் மெதுவாக. இப்போது அவர் பார்வை அவளைவிட்டு என்மேல் வந்திருந்தது. "அப்ப இதுவும் பட்டப்பேரா தோழர்?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவர் நம்பவும் கூடும். வாசலில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. இரவிக்கையின் தோள்பட்டையில் வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தாள், நன்றாகத் தைத்த ஒட்டு. இந்த அண்ணியை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சந்தையிலோ படித்துறையிலோ அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். எத்தனை ஆயிரம் தடவை இருக்கும்? ஒவ்வொரு தடவையும் நான்தான் சாட்சி சொல்லியிருக்கிறேன். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"இல்ல தோழர்" என்றேன். "எங்க பக்கத்துல எந்தப் புள்ளைக்கும் ஒண்ணுன்னு பேரு கெடையாது. எண்ணறது இப்படித்தான்."

கையை மேசைமேல் நீட்டி விரித்தேன். தீக்காயம் இல்லாத கை. கட்டை விரலை மடக்கினேன்.

"வீட்டுக்கு மூத்தவன். அவன்தான் ரெண்டு."

அடுத்து, மூன்றாமவனுக்கு உரிய ஆள்காட்டி விரல் நின்றது. தோவா திரும்பிவிட்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.