மேம் லூர்தெஸின் மாதிரி வகுப்பு

ஃபெலிசா கடவுளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேம் லூர்தெஸ் நாலு பேர் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். அவளுக்கு வரப்போகும் பதவி உயர்வும் கையோடு போய்விட்டால் இன்னும் நல்லது. இதற்காகத் தினமும் காலையில் தங்கள் தீவின் மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள். அப்படியெல்லாம் வேண்டக் கூடாது என்பார் பாதிரியார். அவருடைய புத்தகத்தை யாரும் திருடவில்லையே.

திருடு போனது ஒரு பெரிய புத்தகம். ஃபெலிசாவின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி சொல்லச் சொல்ல, அவள் அகலமான மணிலாத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள். படம் வரைந்து வண்ணம் தீட்டியதெல்லாம் பிள்ளைகள். சேற்றில் இறங்கப் பயந்த ஒரு எருமைக் கன்றின் கதை. மழைக்காலம் முழுக்க அதில்தான் போயிற்று. எழுத்தே பிடிபடாமல் இருந்த பிள்ளைகள்கூட, அது தாங்கள் சொன்ன வரி என்ற பெருமையில் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மேம் லூர்தெஸ் பக்கத்து வகுப்பு ஆசிரியை. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி அதை வாங்கிப் போனாள். அடுத்தமுறை ஃபெலிசா அதைப் பார்த்தது மாவட்டப் போட்டி மேடையில். அட்டையில் லூர்தெஸின் பெயர், லூர்தெஸின் கழுத்தில் பதக்கம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

கேட்கப் போனால், லூர்தெஸ் சிரித்தாள். "என்ன ஃபெலிசா, உன்னுது என்னுதுன்னு பிரிச்சுப் பேசற? பேரு நம்ம ஸ்கூலுக்குத்தானே வந்துச்சு."

தலைமையாசிரியரிடம் போனாள். அவர் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளே லூர்தெஸ்தான், அங்கே என்ன நியாயம் கிடைக்கும்? கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள் என்று புத்தி சொல்லி, ஒரு துண்டு அரிசிக் கேக்கை நீட்டினார். ஃபெலிசா அதை வாங்கித் தின்றும் தொலைத்தாள். அந்த எரிச்சல் அவளுக்குத் தனியாக இருந்தது.

பதக்கம் கிடைத்த பிறகு லூர்தெஸ் மாஸ்டர் டீச்சர் பதவிக்கு விண்ணப்பித்தாள். அதற்கு மேற்பார்வையாளர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அவளுடைய பிள்ளைகள் படிப்பில் சுமார். அதனால் ஃபெலிசாவின் பிள்ளைகளைக் கடன் கேட்டாள். நல்ல பீங்கான் தட்டைக் கேட்பது போல வகுப்பைக் கடன் கேட்பதும் கொடுப்பதும் அங்கே வழக்கம்தான். புத்தகத்தைத் திருடியது போதாதென்று அதை எழுதிய பிள்ளைகளையுமா என்று ஃபெலிசாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் இனிக்க இனிக்கச் சரி என்றாள்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. மாதிரி வகுப்புக்கு முன்பே பிள்ளைகளைப் பழக்கிவிடுவார்கள். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. எந்தக் கேள்விக்கும் எல்லாக் கையும் மேலே இருக்கும். வலது கையாகப் பார்த்துக் கூப்பிட்டால் பதில் சரியாக வரும், வந்தவர்கள் அசந்துபோவார்கள். இதைச் செய்யாத டீச்சர் அந்தத் தீவிலேயே கிடையாது. லூர்தெஸும் சில மாலைகள் வந்து பழக்கினாள். எந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கும், எது திணறும் என்று தெரிந்துகொள்ள மட்டும் அவள் மெனக்கெடவில்லை. கை இருக்கிறதே, அது போதாதா?

மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் லூர்தெஸ் கிளம்பிப் போனதும் ஃபெலிசா கதவைச் சாத்தினாள். நாளைக்கு விளையாட்டு மாறுகிறது, தெரிந்தால் இடது, தெரியாவிட்டால் வலது, மேம் லூர்தெஸிடம் மூச்சு விடக் கூடாது என்றாள். பிள்ளைகள் குஷியாகத் தலையாட்டினார்கள். அனாலின் மட்டும் எழுந்து வந்தாள். வகுப்பிலேயே பயந்த பிள்ளை, அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள்.

"நான் வலது கை தூக்கினா என்னைக் கூப்பிட மாட்டாங்களா, மேம்?"

"மாட்டாங்க," என்றாள் ஃபெலிசா. பழி வாங்க நினைக்கிறவர்களுக்குப் பொய் நாக்கிலேயே இருக்கும் போல.

மறுநாள் வகுப்பு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மேற்பார்வையாளர் அம்மாள், பின்னால் மற்ற டீச்சர்கள், அவர்களோடு ஃபெலிசா. லூர்தெஸ் புதுச் சீருடையில் எருமைக் கதையை ராகம் போட்டுப் படித்து முடித்தாள். பிறகு ஒரு சொல் அட்டையைத் தூக்கிக் காட்டி, யார் படிக்கிறீர்கள் என்றாள். எல்லாக் கைகளும் எழுந்தன. லூர்தெஸ் பெருமையாக ஒரு வலது கையைக் கூப்பிட்டாள். பையன் எழுந்து அட்டையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அடுத்த வலது கை முதல் எழுத்தோடு நின்றது. லூர்தெஸின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றதை ஃபெலிசா கடைசி வரிசையிலிருந்தே பார்த்தாள். பசித்தவன் சோற்றைக் கண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. இன்னும் ஒன்று, இன்னும் ஒரே ஒன்று என்று மனசு கேட்டது.

லூர்தெஸ் அனாலினைக் கூப்பிட்டாள்.

அனாலின் எழுந்து நின்றாள். "கையத் தூக்குனியே, படி," என்று பல்லைக் கடித்தாள் லூர்தெஸ். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னீங்களே, மேம்."

மேற்பார்வையாளர் எழுந்து வந்து அனாலின் பக்கத்தில் குனிந்து நின்று மெதுவாக விசாரித்தார். மேம் லூர்தெஸ் சொன்ன கை எது, பிறகு தங்கள் மேம் மாற்றிச் சொன்னது எது, யாரிடம் சொல்லக் கூடாது என்றார்கள் என்று பிள்ளை ஒன்று விடாமல் சொன்னாள். இந்தக் கதையை எழுதியது யார் என்று கேட்டதற்கு, நாங்கள்தான் என்று மொத்த வகுப்பும் சொன்னது.

"நானும் இந்தக் கை வித்தை பண்ணித்தான் மேல வந்தேன்," என்றார் மேற்பார்வையாளர், இரண்டு டீச்சர்களையும் பார்த்து. "ஆனா, படிக்கத் தெரியாத பிள்ளைய நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுப் பழி தீர்த்துக்கறத இப்பத்தான் பாக்குறேன்." அவருக்கென்று சமைத்து வைத்த நாட்டுக் கோழியையும் பான்சிட் நூடுல்ஸையும் தொடாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

லூர்தெஸுக்குப் பதவி போயிற்று, பதக்கமும் திரும்பிப் போயிற்று. ஃபெலிசாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. போகட்டும் என்று அதை மடித்து வைத்தாள். தாழ்வாரத்தில் லூர்தெஸ் தலை குனிந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அந்தக் குளிர்ச்சியோடுதான் ஒரு நாள் வகுப்புக்குள் வந்து, எல்லாருக்கும் தெரிந்த கேள்வியைக் கேட்டாள். கன்று எதற்குப் பயந்தது?

ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான், "இன்னைக்கு எந்தக் கை, மேம்?"

"எந்தக் கையா இருந்தாலும் சரி. தெரிஞ்சவங்க தூக்குங்க."

அனாலின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். கோபமெல்லாம் இல்லை. வெளியே மழையா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இது நிஜமா, மேம்?"