கரடிக் குடிலின் தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரர் வாயை வைத்தே பிழைக்கிற மனுஷன். "காட்டுக் கரடியை அது வாழும் இடத்திலேயே இயற்கையாகப் பாருங்கள்" என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். இயற்கையாம்! காட்டுக்குள் நாங்கள் போட்ட மரக்குடிலுக்கு எதிரே ஒரு மரம் விழுந்து கிடக்கும். தினமும் மதியம் போய் அதன் பொந்துகளில் சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டு வருவார். சாயங்காலம் கரடி வந்து நக்கும். வெளியூர்க்காரர்கள் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பாகு ஒட்டிய கையைப் போட்டிருக்கும் கோட்டிலேயே துடைத்துக்கொள்வது அவர் பழக்கம். ஒரு துணி எடுத்துப் போங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஜீப்பிலிருந்து ஆட்களைக் குடிலுக்குக் கூட்டி வருவது என் தம்பி. தாழ்ப்பாள் என் பொறுப்பு. எல்லாரும் உட்கார்ந்ததும் ஒரு அதட்டு அதட்டுவேன்: "கரடி கதவுப் பக்கம் வந்தா தாப்பா போட்டுடுவேன். அப்புறம் வெளிய யார் நின்னாலும் தெறக்க மாட்டேன். என் கூடப்பொறந்த தம்பியா இருந்தாலும் சரி."

"அக்கா செய்வா சார். சின்ன வயசுலயே என்னை பாத்ரூம்ல வச்சுப் பூட்டுனவ" என்பான் அவன், பல்லைக் காட்டிக்கொண்டு. எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்றைக்குத் தூறல். தம்பியின் மழைக்கோட்டு கிழிந்திருந்தது. "இந்தா மாப்ள, இதைப் போட்டுக்கோ" என்று என் வீட்டுக்காரர் தன் கோட்டைக் கழற்றி வீசினார். யாரும் கேட்காமலே அவர் ஒன்றைக் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பார்க்க வந்திருந்த ஆறு பேரும் உட்கார்ந்த பிறகு, ஒருத்தர் கேமரா பையை வழியில் வைத்துவிட்டதாகப் புலம்பினார். தம்பி எடுத்துவரப் போனான். சன்னலோரம் சளசளத்துக்கொண்டிருந்த இரண்டு பேரை அடக்க நான் எழுந்து போனேன். கதவருகே என் வீட்டுக்காரர் நின்றார்.

கரடி மரத்துக்கு வரவில்லை. குட்டியோடு வந்த தாய்க்கரடி, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு நேரே பாதையில் இறங்கியது. தம்பி பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரே அறை. குப்புற விழுந்து, எழுந்து ஓடிவந்தான். நெற்றித் தோல் கிழிந்து கண்மேல் தொங்கியது. அவன் கதவை நெருங்கும்போது என் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா! அக்கா!"

கதவு அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவன் கத்தியதில் வார்த்தை இல்லை.

"தெறங்க!" என்று பாய்ந்தேன்.

"உள்ள ஆறு பேர் இருக்காங்கடி. நீ சொல்ற ரூல்தானே?" முதுகைக் கதவுக்குக் கொடுத்து, தாழ்ப்பாளைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. கீழே கிடந்த கேமரா ஸ்டாண்டை எடுத்து அந்தக் கைமேல் ஓங்கி அடித்தேன். விரல்கள் முறிவது கேட்டது. இன்னொரு அடி. அலறிக்கொண்டு சரிந்தவரைக் காலால் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன்.

கரடி தம்பியின் முதுகில் ஏறி நின்று கோட்டைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கோட்டோடு தோள் சதையும் வந்தது. அதன் மூக்கில் அடித்தேன். என் முன்கையைக் கிழித்துப் போட்டது. மறுபடியும் மூக்கிலேயே அடித்தேன். கோட்டு இரண்டாகக் கிழிந்து வாயோடு போனதும் அது அவனை விட்டுவிட்டது. மரத்தடியில் போய் உட்கார்ந்து, அதுவும் குட்டியுமாக அந்தக் கோட்டை நக்க ஆரம்பித்தன. உள்ளே கேமராக்கள் ஓயவில்லை. தம்பியை இழுத்துப்போட ஒருத்தன் கை கொடுக்கவில்லை, நாசமாய்ப் போகிறவர்கள்.

தம்பிக்கு ஒரு கண் போய்விட்டது. ஒரு காதும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் முதன்முதலாகப் பேசிய அன்று என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். வலது கையில் மாவுக்கட்டு. இடது கை கட்டில் கம்பியில்.

"அழாதக்கா" என்றான் தம்பி. "தாப்பா சத்தம் கேட்டுச்சு. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. ரூல்னா ரூல்தானே. நீ போட்டது சரிதான்."

அத்தனை கடியையும் வாங்கும்போது, பூட்டியது நான்தான் என்று நினைத்துக்கொண்டே கிடந்திருக்கிறான். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

தம்பியும் அவரைப் பார்த்தான். "மாமா, கையில என்ன கட்டு?"

"ஜீப் கதவுல நசுங்கிடுச்சு மாப்ள" என்றார் அந்த மனுஷன், கூசாமல்.

மேசைமேல் எவர்சில்வர் ஜக்கு நிறைய தண்ணீர் இருந்தது. அதைத் தூக்கி, கம்பியைப் பிடித்திருந்த அந்த இடது கைமேல் என் பலம் முழுவதும் சேர்த்து இறக்கினேன். தண்ணீர் கட்டிலெல்லாம் தெறித்தது. அவர் போட்ட அலறலில் நர்ஸ் ஓடிவந்தாள்.

"இதுவும் ஜீப் கதவுதான்னு சொல்லுங்க உங்க மாப்ளகிட்ட" என்றேன்.