அடுத்த மாசத்துச் சீஸ்

காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. புரா என்கிற எங்கள் ஊர் வாடைக்காற்று வேறு ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஃபோன் இப்போது வரும், அப்போது வரும் என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். எங்கள் ஆட்டுப்பால் சீஸ், முதல்முறையாக வெளிநாடு போனது, போலந்தில் ஒரு கிடங்கு வாசலில் லாரியோடு நின்றுகொண்டிருந்தது. "தேதி தப்பு. விளக்கம் வராவிட்டால் சாயங்காலம் திருப்பி அனுப்புவோம்." வந்த செய்தி அவ்வளவுதான்.

லேபிள் என் புருஷன் ஷிமேயின் கைவேலை. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவனால் க்ரோயேஷியாவில் இருக்கிற எங்கள் பாக் தீவின் கல்லுக்காட்டில் ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். முதல் பாடமே அந்த நிமிஷத்துத் தேதியையும் நேரத்தையும் அச்சில் கொண்டுவருவதுதான். அதையே லேபிளுக்கு வைத்துக்கொண்டான். முதல் லேபிளில் மாதம் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தேழு என்று வந்தது.

"ஏன் ஷிமே, நாப்பத்தேழாம் மாசம் குளிரா இருக்குமா, வெயிலா இருக்குமா?" என்று கேட்டேன்.

"சின்ன எம் போட்டா மாசம், பெரிய எம் போட்டா நிமிஷம். மாத்திப் போட்டுட்டேன். நல்லா சிரிச்சுக்கோ."

திருத்தியவன் அத்தோடு விட்டானா? வெளியூர் போகிற சரக்கு, கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று மாதத்தை எழுத்தில் வரவைத்தான். எங்கள் பக்கம் எவனும் மாதத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்பதாம் மாசம், பத்தாம் மாசம், அவ்வளவுதான் பேச்சு. இவனுக்கு மட்டும் பள்ளிக்கூடப் புத்தகத்து 'லிஸ்தோபாத்' கேட்டது. இலையுதிர் மாசம் என்று அர்த்தம்.

"நாளும் சரி, நேரமும் சரி. எதுல தப்புன்னே தெரியல நெவென்கா." போலந்துக்குப் போன லேபிளை மறுபடி சரிபார்த்த ஷிமே கம்ப்யூட்டரை மூடி அப்பால் தள்ளினான். "இனிமே இதத் தொடமாட்டேன். யெர்கோகிட்ட பேசிட்டேன். ஆட்டையெல்லாம் அவன் வாங்கிக்கிறானாம். இன்னிக்கே வண்டியோட வர்றான்."

யெர்கோ அவனுடைய சித்தப்பா மகன். நான் வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினேன். "யாரக் கேட்டுப் பேசின?"

"ஆடு மேய்க்கக் கால் இல்ல, லேபிள் அடிக்க மூளை இல்ல. நீ ஒருத்தியே எத்தன நாள் மாரடிப்ப?"

பால் சட்டியைத் தூக்கி ணங்கென்று வைத்தேன். கோபம் என்று அவன் நினைத்திருப்பான். பயம்தான். ஆடும் போய்விட்டால் இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டான்.

ஒரு வழியாக ஃபோன் அடித்தது. கிடங்கு மேலாளர், போஷேனா என்று ஒரு அம்மா. அவர் போலிஷில் பேச, நான் க்ரோயேஷியனில் பேச, இரண்டும் பங்காளி பாஷை என்பதால் பாதிக்குப் பாதி புரிந்தது.

"இன்னும் வராத தேதியில எப்படிம்மா பேக் பண்ணீங்க?"

"வராத தேதியா? போன வாரம் என் கையால பேக் பண்ணேன்."

"லேபிள்ல லிஸ்தோபாத்னு போட்டிருக்கே. அதுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு."

"இப்ப நடக்கறதே லிஸ்தோபாத்தானே."

அந்தம்மா நிதானமாகக் கேட்டார். "உங்க ஊர்ல அது எத்தனாவது மாசம்?"

"பத்தாவது."

"எங்க ஊர்ல பதினொண்ணாவது." அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "எண்ணுல போட்டுப் புது லேபிள் அனுப்புங்க, கூட ரெண்டு வரி விளக்கம். நான் இறக்கிக்கிறேன். இங்க எல்லாரும் அடுத்த மாசத்துச் சீஸ்னே கூப்பிடறாங்க."

ஃபோனை வைத்ததும் ஷிமேயிடம் விஷயத்தைச் சொன்னேன். சொன்னபிறகு வாய் சும்மா இருக்குமா? "ஒரு மரம் கிடையாது, வெறும் கல்லு. இந்தத் தீவுல உனக்கு இலையுதிர் மாசம் கேக்குதோ?"

ஷிமே கம்ப்யூட்டரை இழுத்துத் திறந்தான். ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டான்.

"சின்ன எம்தானே?" என்றேன்.

"சின்னதுதான். நீயே பாரு."

லேபிள் வெளியே வந்தது. மாதம் இருக்கிற இடத்தில் பத்து. அதை விளக்கத்தோடு மெயிலில் அனுப்பினோம். இறக்கியாச்சு என்று பதில் வந்த நேரத்தில் வாசலில் யெர்கோவின் வண்டி வந்து நின்றது.

"ஏத்திடலாமா?" என்று கதவைத் திறந்துகொண்டே கேட்டான் யெர்கோ.

நான் ஷிமேயைப் பார்த்தேன். ஷிமே எழுந்தான். கைத்தடியைத் தேடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து போனான்.

"இல்லடா யெர்கோ. அடுத்த மாசம் பண்ண சீஸ இப்பதான் போலந்துல இறக்கியிருக்காங்க. அடுத்த மாசம் ஆடு இங்க இல்லன்னா நான் பொய்யனாயிடுவேன்."

யெர்கோ என்னைப் பார்த்தான். "குடிச்சிருக்கானா?"

"இன்னும் இல்ல," என்றேன். "உள்ள வா, சேர்ந்து குடிக்கலாம்."