ஒண்ணும் இல்லையே

"அறுபத்திரண்டு வீடு," என்றார் தசம மேடம். "ஏழாம் கேள்விக்கு அறுபத்திரண்டுலயும் சைபர்."

சர்வே அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மரியாதைக்காக அல்ல. எழுந்திருக்கும்போது நாற்காலியில் கறை பட்டிருந்தால் மானம் போய்விடுமே என்ற பயம். நாலு மாதமாகவே அவள் எந்த நாற்காலியிலும் நுனியைத் தாண்டி உட்கார்ந்ததில்லை. தசம மேடம் புள்ளிவிவரப் பிரிவின் தலைவி. மணி கேட்டால்கூடப் பன்னிரண்டரை என்று சொல்ல மாட்டார், பன்னிரண்டு புள்ளி அஞ்சு என்பார். அதனால் அலுவலகமே சேர்ந்து வைத்த பெயர் அது. பெண்கள் உடல்நலக் கணக்கெடுப்பின் தாள்கள் எல்லாம் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வந்து சேரும். வாரம் ஒரு நாள் ஒரு பெண் டாக்டரை எந்தத் தெருவின் மருந்தகத்துக்கு அனுப்புவது என்பதையும் அந்தத் தாள்கள்தான் முடிவு செய்யும்.

"குறை இல்லாத தெருவுக்கு டாக்டர் எதுக்குன்னு கேப்பாங்க. வெள்ளிக்கிழமை அறிக்கை போகுது. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நிஜமாவே வீடு வீடா போனீங்களா, இல்ல ஒரு இடத்துல உக்காந்து எழுதிட்டீங்களா?"

சர்வே அக்காவுக்குச் சுருக்கென்றது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் எத்தனை மாடி, எத்தனை படி, எந்தப் படியில் நாய் படுத்திருக்கும் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். குதிகால் வெடித்து ரத்தம் வந்தது இவருக்குத் தெரியுமா?

"ஒவ்வொரு வாசலா ஏறி இறங்குனேன் மேடம்."

"அப்ப எப்படி? சைபர் வரலாம். இத்தனை சைபர் வராது."

வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வேலை முடிந்து அப்போதுதான் குளித்துவிட்டு வந்த கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தான். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது.

"என்ன இப்படி நிக்கிற? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லங்க."

அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் வாய் சொல்லிவிட்டது. அவன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. துண்டைக் கொடியில் போடப் போனான். சர்வே அக்கா சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. இப்போது யார் 'இல்ல' என்றது? நாலு மாதமாகப் பாதி மாதம் உதிரம் போய்க்கொண்டிருக்கிறது, பையில் இரட்டைத் துணி வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறவளுக்கு ஒன்றும் இல்லையாமா? ஆனால் வேறு என்னதான் சொல்ல முடியும்? 'இல்லையே' என்று கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லத்தானே வாய் வரும். இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று அந்தக் கடைசி 'ஏ' கெஞ்சுகிறது அல்லவா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் அப்படித்தானே கேட்டாள்! தாளில் அச்சடித்திருந்த ஏழாம் கேள்வி, 'கடந்த மூன்று திங்களில் மாதவிடாய் அல்லது கருப்பை சார்ந்த குறைபாடு ஏதேனும் தங்களுக்கு ஏற்பட்டதுண்டா' என்று ஆரம்பித்து மூன்று வரி ஓடும். முதல் வீட்டில் அதை அப்படியே வாசித்தபோது, "இது என்னக்கா, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டாள் ஒருத்தி. அதிலிருந்து சொந்தப் பேச்சுக்கு மாறிவிட்டாள். கால் வலி, வெயில், இன்னும் இருபது வாசல் பாக்கி. "மாசாமாசம் வர்றதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" அறுபத்திரண்டு வாசலிலும் அதே கேள்வி.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அதே தெருவில் இருக்கும் தையல்காரியின் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, ஜன்னலோரம் மிஷின். இந்த முறை தாளை எடுக்கவே இல்லை.

"மாசாமாசம் உனக்கு எப்படிம்மா இருக்கு?"

மிஷின் நின்றது. தையல்காரி காலை மிதியிலிருந்து எடுத்தாள். கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பத்து நாள் போகுதுக்கா. சில மாசம் பன்னெண்டு. துணி தைக்கிற வீட்லயே துணி பத்தல, போங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த வாய் கோணிக்கொண்டது.

"போன தடவை வந்தப்ப ஏன்மா சொல்லல?"

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? ஒண்ணும் இல்லையேன்னு நீங்களே சொல்லிட்டு எழுதிக்கிட்டுப் போனீங்க."

அன்று ஒன்பது வீடுதான் முடிந்தது. ஒவ்வொருத்தியும் உட்கார வைத்துப் பேசினாள், இரண்டு பேர் அழுதார்கள். ஒன்பதில் ஐந்து சைபர் இல்லை.

வெள்ளிக்கிழமை, அந்த 'இல்லையே'வும் அதன் கடைசி 'ஏ'வும் உட்பட அவள் சொன்ன எல்லாவற்றையும் தசம மேடம் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கேள்வியை மாத்திக் கேட்டது தப்பு. அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அந்தத் தெரு கணக்கையே ரத்து பண்ணி, புரியிற மாதிரி கேள்வி எழுதி மறுபடி எடுக்கச் சொல்லுவேன். அதுவரைக்கும் டாக்டரை வேற தெருவுக்குப் போட முடியாது. ஆனா அடுத்த கணக்கெடுப்புல உங்களைச் சேர்க்க விடமாட்டாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

"கையெழுத்துப் போடலன்னா?"

"அறுபத்திரண்டு சைபரும் அப்படியே மேல போகும்."

பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த வேலை. வெயிலையும் மழையையும் வாசல்களையும் தவிர வேறு எதுவும் தெரியாது அவளுக்கு. அழுகை வரும்போல இருந்தது, அதற்கும் தெம்பு இல்லை. தாளை வாங்கி நாலு வரி எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கப் பார்த்தவளுக்கு மறுபடியும் அதே இருட்டு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தசம மேடம் பதறிப்போய் எழுந்தார். "என்னம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்ல மேடம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சர்வே அக்கா அதை அங்கேயே நிறுத்தினாள்.

"மேடம், அந்த 'ஏ'வை எடுத்துட்டுக் கேளுங்க."

தசம மேடம் நின்றபடியே அவளைப் பார்த்தார். பிறகு போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, தன் நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. எத்தனை நாளா?"

சர்வே அக்கா நாற்காலியில் முதுகு படியும்படி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.